"தலையிடி" என்று சொல்லாதீர்கள்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான பெண்நோயியல் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாங்கள் இங்கே படித்த காலத்தில் மாதவிடாய் வயிற்றுவலி வந்தால் ரீச்சரிடம் "தலையிடி" என்றுதான் சொல்லுவோம். அந்தத் "தலையிடி"யை என் கிளினிக்கில் இன்றும் கேட்கிறேன்.

ஓர் அம்மா வந்தார். மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்து, தமொக்சிபென் மாத்திரை எடுத்துவந்தவர். மாதவிடாய் நின்று பல வருடங்களின் பின் மீண்டும் இரத்தம் பட்டிருக்கிறது. எட்டு மாதமாக மகளுக்குக்கூடச் சொல்லவில்லை. "வயதுபோன நேரத்தில இதை எப்படிச் சொல்லுறது டொக்டர்?" என்றார்.

இப்படிப்பட்ட இரத்தப்போக்குக்குப் பெரும்பாலும் சாதாரண காரணமே இருக்கும்: கருப்பை உட்படலம் மெலிதல் அல்லது சிறு தசை வளர்ச்சி. இரண்டாவது, தமொக்சிபென். மார்பகத்தில் ஈஸ்திரோஜனைத் தடுக்கும் இம்மருந்து, கருப்பையில் ஈஸ்திரோஜன் போலவே வேலை செய்யும். அதனால் மாதவிடாய் நின்றவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடும். ஆனால் பெரும்பாலானோருக்கு அதன் நன்மையே பெரிது. நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

மூன்றாவது அரிது: மார்பகப் புற்றுநோயே கருப்பைக்குப் பரவுதல். வழக்கமாக அது எலும்பு, நுரையீரல், ஈரல், மூளைக்கே பரவும். ஆனால் 'லொபியுலர்' எனும் வகை, மற்ற வகைகளைவிடக் கூடுதலாகச் சூலகத்துக்கும் கருப்பைக்கும் போகும். பல வருடங்களின் பின்னும் போகலாம்.

கருப்பையிலேயே தோன்றிய புற்றுநோய்க்குப் பெரும்பாலும் முதலில் சத்திரசிகிச்சை. பரவி வந்தது எங்கிருந்தாலும் மார்பகப் புற்றுநோய்தான். அதற்கு உடல் முழுவதற்குமான மருந்தே பிரதானம். ஸ்கான் மட்டும் இதைப் பிரித்துச் சொல்லாது. சிறு திசுத் துண்டை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். பழைய மார்பக அறிக்கையுடன் ஒப்பிட வேண்டும். ஆகவே அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். கொழும்பில் செய்த சத்திரசிகிச்சையின் அறிக்கை ஒருநாள் ரொறன்ரோவில் தேவைப்படலாம்.

அந்த அம்மாவுக்கு இருந்தது மூன்றாவதுதான். மருந்தை மாற்றினோம், நோய் கட்டுப்பட்டது, ஆனால் முற்றாக மாறவில்லை. அந்த எட்டு மாதம் இன்னும் என் மனதை உறுத்துகிறது.

மாதவிடாய் நின்றபின் ஒரு துளி பட்டாலும் வைத்தியரிடம் போங்கள். முன்பு மார்பகப் புற்றுநோய் இருந்ததென்றால் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். உங்கள் அம்மாவிடமும் அக்காவிடமும் இன்றே கேளுங்கள். அவர்கள் "தலையிடி" என்றால் நம்பிவிடாதீர்கள்.