மழையில் கலக்கும் புளிப்பு
(பிலிமத்தலாவையில் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



இந்தக் கொழும்பு–கண்டி வீதியில் பஸ்ஸும் லொறியும் கக்கும் புகையை நாம் தினமும் விழுங்குகிறோம். கண்டியைச் சுற்றி மலை. புகை இலகுவில் வெளியேறாது. டீசலிலும் நிலக்கரியிலும் உள்ள கந்தகம் எரிந்து வாயுவாகிறது. எஞ்சின் சூட்டில் நைதரசன் ஒக்சைட்டும் பிறக்கிறது. இவை மேகத்து நீரில் கரைந்து இறங்குவதுதான் அமில மழை. நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி எரிகிறது. காற்றுக்கு எல்லை கிடையாது. சுவீடன், நோர்வே ஏரிகளில் மீன் செத்ததில் பிரித்தானியப் புகைக்கும் பங்குண்டு.

"தேயிலைக்குப் புளிப்பு மண்தானே பிடிக்கும்?" என்பீர்கள். பிடிக்கும், பீ.எச். 4.5 முதல் 5.5 வரை. அதற்குக் கீழே இறங்கினால் கல்சியமும் மக்னீசியமும் மழையோடு கழுவுப்பட்டுப் போகும். யூரியாவும் சல்பேட் உரமும் ஏற்கனவே மண்ணைப் புளிக்க வைக்கின்றன. கவ்வாத்துக் காலத்தில் நாம் டொலமைட் போடுவது அதற்காகத்தான். அந்தச் செலவை நிர்வாகம் மிச்சம் பிடித்தால் கொழுந்து குறையும். நிறை போதாதென்று அரைப்பேர் விழுவது நம் பெண்களுக்கு! லயத்துத் தகரமும் அமிலத்தில் சீக்கிரம் உக்கும்.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு மலைவாரியாக மண் பரிசோதனை அறிக்கையையும், டொலமைட் போட்ட கணக்கையும் மேசையில் வைக்கச் சொல்லிக் கேட்போம்.