ரெண்டு மீட்டர் தண்ணீரும் ஒரு கட்டைவிரலும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சற்றுத் திருத்தப்பட்டது. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடில் பெரியவங்க முதல்முறையா ஸ்கூபா போறதைப் பற்றிப் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டது இதுதான்: "என் பொண்ணுக்கு எட்டு வயசு, நல்லா நீந்துவா. ஸ்கூபா விடலாமா?" குழந்தைகளை நீச்சல் குளத்துல முதல்முறையா ஸ்கூபாவுக்குக் கூட்டிட்டுப் போறதுதான் என்னோட வேலை. அதனால இன்னிக்கு முழுக்க இதைப் பற்றியே பேசலாம்.

முதல்ல வயசு. பி.ஏ.டி.ஐ. என்கிற சர்வதேசப் பயிற்சி அமைப்பில் எட்டு வயசுக் குழந்தைகளுக்கு 'பபிள்மேக்கர்'னு ஒரு அறிமுகப் பயிற்சி இருக்கு. அதில் அதிகபட்ச ஆழம் 2 மீட்டர். பத்து வயசானா 'ஜூனியர் ஓப்பன் வாட்டர்' சான்றிதழுக்குப் படிக்கலாம்; அப்பவும் 12 மீட்டருக்குக் கீழ போகக் கூடாது, கூடப் பயிற்சி பெற்ற பெரியவங்க இருக்கணும். ஆக, எட்டு வயசுன்னா 2 மீட்டர். ஒரு ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் பெற்றோர் முகத்துல ஒரு நிம்மதி தெரியும். "ரெண்டு மீட்டர்தானே, என்ன ஆகிடப் போகுது?" அங்கதான் நான் கொஞ்சம் நிறுத்தி விளக்கணும்.

மூச்சைப் பிடிக்காதே

நம்ம ஊர்ல நீச்சல் கத்துக்குற எந்தக் குழந்தைக்கும் முதல் பாடம் என்ன? கிணத்துல ஆகட்டும், குளத்துல ஆகட்டும், "மூச்சைப் பிடிச்சுக்கோ, முங்கு". முன்னாடி தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளிச்சவங்களும் மூச்சை அடக்கித்தான் போனாங்க. அதில் தப்பில்லை. ஏன்னா அவங்க மேலேயே காத்தை இழுத்துட்டுப் போறாங்க. கீழ போகப் போக அழுத்தத்தில் அந்தக் காத்து சுருங்கும். திரும்ப மேல வரும்போது பழைய அளவுக்கு விரியும். அதுக்கு மேல விரியாது.

ஸ்கூபாவில் கணக்கு மாறிடுது. குழந்தை காத்தை இழுக்கிறதே தண்ணிக்குள்ள வச்சுத்தான். ரெண்டு மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காத்து, மேல வரும்போது ஐந்தில் ஒரு பங்கு அதிகமா விரியப் பார்க்கும். வாயை மூடி மூச்சைப் பிடிச்சிருந்தா அந்தக் காத்து எங்க போகும்? நுரையீரலின் மெல்லிய காற்றறைகளைக் கிழிச்சுக்கிட்டு ரத்தத்தில் கலக்கலாம். இதுக்குப் பெரிய ஆழமெல்லாம் வேண்டாம். நிறைய மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தா, சுமார் 1.2 மீட்டரே போதும்னு டைவிங் பாடத்துல இருக்கு. நாலடி. குளத்தோட ஆழம் குறைஞ்ச பக்கம்.

அதனால நல்லா நீந்தத் தெரிஞ்ச குழந்தைகிட்ட நான் கூடுதலா நேரம் எடுத்துக்குவேன். மூச்சைப் பிடிக்கிற பழக்கம் அவங்க உடம்புலயே ஊறியிருக்கும். "மூச்சைப் பிடிக்காதே"ன்னு சும்மா சொன்னா வேலைக்கு ஆகாது. பதிலா ஒரு வேலை கொடுப்பேன்: மேல வரும்போது "ம்ம்ம்"னு ஒரு பாட்டை முனகிக்கிட்டே வரணும். முனகுற ஆளால மூச்சைப் பிடிக்க முடியாது. குமிழி வர்றது எனக்கும் கண்ணுக்குத் தெரியும். என்ன பாட்டுன்னு மேல வந்து கண்டுபிடிக்கிறது எங்க விளையாட்டு. இதுவரைக்கும் நான் ஒண்ணுகூடக் கண்டுபிடிச்சதில்லை.

காது

அடுத்தது காது. கொடைக்கானலில் இருந்து பஸ் இறங்கும்போது காது அடைக்குமே, அதேதான். தண்ணிக்குள்ள இது ரொம்பச் சீக்கிரம் நடக்கும். ஒரு மீட்டர் தாண்டும்போதே காதில் அழுத்தம் தெரிய ஆரம்பிக்கும். மூக்கை மாஸ்க்கோட சேர்த்துப் பிடிச்சு மெதுவா ஊதணும். வலி வந்த பிறகு ஊதினா பலன் இல்லை, வர்றதுக்கு முன்னாடியே ஊதணும். காதையும் தொண்டையையும் இணைக்கிற குழாய் குழந்தைகளுக்குக் குறுகலாவும் கொஞ்சம் படுக்கைவாக்கிலும் இருக்கிறதால, பெரியவங்களைவிட அவங்களுக்கு இது கஷ்டம். சளி இருந்தா அன்னிக்கு ஸ்கூபா கிடையாது. "மூக்குல சொட்டு மருந்து விட்டுக் கூட்டிட்டு வரட்டுமா?"ன்னு கேட்காதீங்க. மருந்தோட வேகம் தண்ணிக்குள்ள இருக்கும்போதே குறையலாம்.

கட்டைவிரல்

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். தண்ணிக்குள்ள பேச முடியாது, அதனால சைகைதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாச் சேர்த்தா "நல்லா இருக்கேன்". உள்ளங்கையைக் கீழ் பார்த்தபடி விரிச்சு ஆட்டினா "ஏதோ சரியில்லை". கட்டைவிரலை மேல தூக்கினா?

எல்லாக் குழந்தையும் சொல்ற பதில், "சூப்பர்!" ஆனா டைவிங்கில் அதுக்கு ஒரே அர்த்தம்: "மேல போகலாம்." முதல் அஞ்சு நிமிஷத்துல குஷியில் ரெண்டு மூணு தடவையாவது கட்டைவிரல் தூக்குவாங்க. ஒவ்வொரு தடவையும் நான் மேல கூட்டிட்டு வந்துடுவேன். "இல்ல மாஸ்டர், சூப்பர்னு சொன்னேன்!"னு சிரிப்பாங்க. நானும் சிரிச்சுட்டு, "நீ மேல போகலாம்னு சொன்ன, வந்துட்டோம்"னு சொல்வேன். தன் விரலுக்கு அவ்வளவு அதிகாரம் இருக்குன்னு குழந்தைக்குப் புரியிறது அப்படித்தான்.

டைவிங்கில் எழுதாத சட்டம் ஒண்ணு உண்டு. யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், காரணம் சொல்லாம டைவை முடிச்சுக்கலாம். யாரும் கோவிச்சுக்கக் கூடாது. முப்பது வருஷ அனுபவசாலிக்கும் எட்டு வயசுக் குழந்தைக்கும் இது ஒண்ணுதான்.

ஒரு தடவை ஒன்பது வயசுப் பொண்ணு அப்பாவோட வந்தா. மூணாவது நிமிஷம் கட்டைவிரல் தூக்கினா, மேல வந்தோம். கரையில் இருந்து அப்பா, "அதுக்குள்ள என்னம்மா? இன்னும் வீடியோவே சரியா எடுக்கல. இன்னொரு அஞ்சு நிமிஷம் இரு"ன்னார். திட்டல, அன்பாத்தான் சொன்னார். அவ அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ஒண்ணும் பேசாம ரெகுலேட்டரை எடுத்து வாயில் வைக்கப் போனா. நான் அதை வாங்கிக்கிட்டு, "இன்னிக்குப் போதும்மா"ன்னு ஜாக்கெட்டைக் கழட்டிவிட்டேன்.

அவருக்கு வருத்தம்தான். இன்னொரு நாள் காசு வாங்காம எடுக்கிறேன்னு சொன்னேன், அவங்க வரல. ஆனா ஏன் நிறுத்தினேன்னு அன்னிக்கு அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். கட்டைவிரல் தூக்கினா மேல கேள்வி கேட்பாங்கன்னு தெரிஞ்ச குழந்தை, அடுத்த தடவை தூக்கத் தயங்கும். மாஸ்க்குல தண்ணி ஏறும், காது வலிக்கும், பல்லைக் கடிச்சுட்டு இருக்கும். தாங்க முடியாத கட்டத்துல சைகையெல்லாம் மறந்து, மூச்சை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரே எட்டா மேல பாயும். நாலடித் தண்ணியில்கூட ஆபத்துன்னு முதல்ல சொன்னேனே, அது இதேதான். மேல போகணும்னு கூச்சமில்லாமக் கேட்கத் தெரிஞ்ச குழந்தைக்குப் பாயவேண்டிய அவசியமே வராது.

பெற்றோர் செய்ய வேண்டியது

வீட்டிலிருந்து கிளம்பும்போதே சொல்லுங்க: "பிடிக்கலைன்னா வந்துடு, ஒண்ணும் கேட்க மாட்டோம்." வெளியே வந்ததும் "எத்தனை நிமிஷம் இருந்த?"ன்னு கேட்காதீங்க. "உள்ள என்ன சத்தம் கேட்டுது?"ன்னு கேளுங்க, ஒரு மணி நேரம் பேசுவாங்க.

பயிற்சியாளரிடம் கேட்க வேண்டியது சில. ஒரே நேரத்தில் எத்தனை குழந்தைகள்? நான் ரெண்டு பேருக்கு மேல எடுக்கிறதில்லை, எனக்கு ரெண்டு கைதான். வீடியோ எடுக்கிறது யாரு? பயிற்சியாளரே கேமராவும் பிடிச்சா ஒரு கை போச்சு. ஜாக்கெட், மாஸ்க், வாயில் கடிக்கிற பகுதி எல்லாம் குழந்தை அளவில் இருக்கா? பெரியவங்களுடையதைக் கடிச்சா பத்து நிமிஷத்துல தாடை வலிக்கும். உடல்நலப் படிவம் கேட்கிறாங்களா? ஆஸ்துமா, வலிப்பு, காதில் ஆபரேஷன், எதையும் மறைக்காதீங்க. டாக்டர் சம்மதிச்சு எழுதிக் கொடுத்த பிறகுதான் தண்ணி.

குளிரையும் கவனிங்க. தண்ணி உடம்புச் சூட்டைக் காத்தைவிடச் சுமார் 25 மடங்கு வேகமா இழுக்கும். நம்ம ஊர் வெயில்லயும் குழந்தைக்கு உதடு நீலமாகும். நடுங்க ஆரம்பிச்சா அன்னிக்கு அவ்வளவுதான், துண்டைச் சுத்தி வெளிய.

கடைசியா, சின்னத் திருத்தம் ஒண்ணு. முதுகுல இருக்கிறது "ஆக்சிஜன் சிலிண்டர்" இல்லை. நாம இப்போ சுவாசிக்கிற சாதாரணக் காத்துதான், வடிகட்டி அழுத்தி அடைச்சது. குழந்தைகளுக்கு இதைச் சொன்னா பயம் பாதி குறையுது, "வெளிய இருக்கிற அதே காத்தா?"ன்னு கேட்டுட்டு தைரியமா இழுப்பாங்க.

அடுத்த எபிசோடில், குளத்தில் பழகின குழந்தையைக் கடலுக்கு எப்போ கூட்டிட்டுப் போகலாம்னு பேசுவோம். கேள்விகள் இருந்தா அனுப்புங்க.