நங்கூரம் போட்ட படகு
(பட்டிமன்றத் தலைப்பு: விடுப்பு நாளுக்குப் பெரிதும் தேவை ஓய்வா? ஒழுங்கா? 'ஒழுங்கே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! அரங்கு நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? "லீவு போட்டா கடிகாரத்தைக் கழட்டி வச்சிடணும், நினைச்சப்போ எழணும், நினைச்சப்போ சாப்பிடணும்"னார். நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு கேள்வி. அவர் பதினொரு மணிக்கு எழுந்திரிக்கிறார். அப்போ காபி போடுறது யாரு? (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் நாகப்பட்டினம் கடற்கரையில பிறந்தவ. எங்க அப்பா விசைப்படகுத் தொழிலாளி. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001-இல் தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. ஏப்ரல் 15 முதல் 45 நாள். 2017-இல் அது 61 நாளாச்சு, ஜூன் 14 வரைக்கும். அவரே கேட்காத லீவு! சம்பளத்தோட லீவும் இல்லை. படகு போனாத்தான் பங்கு. போகலேன்னா பங்கும் இல்லை.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பழகின உடம்பு. கடலுக்குப் போகாட்டியும் ரெண்டு மணிக்கு முழிச்சுக்கும். எழுந்து என்ன செய்ய? திண்ணையில உட்காருவாரு. விடிஞ்சா டீக்கடை. டீக்கடையில சீட்டாட்டம். சீட்டாட்டத்துக்குக் கடன். நண்பர் சொன்ன 'கடிகாரம் இல்லாத ஓய்வு' இதுதாங்க! பத்தாம் நாள் பார்த்தா, அப்பா உழைச்சவரை விடக் களைச்சுப் போயிருந்தாரு.

அம்மா என்ன செஞ்சாங்க? பள்ளிக்கூடத்து அட்டவணை மாதிரி எட்டுப் பீரியட் போடலை. போட்டா மூணு நாள்ல கிழிஞ்சிடும்னு அவங்களுக்குத் தெரியும். மூணே மூணு வேலைக்கு நேரம் வச்சாங்க. விடியக்காலையில வலை பொத்தல் பார்க்கணும். மத்தியானம் சாப்பாடு முடிஞ்சா தூக்கம், அப்போ யாரும் அவரை எழுப்பக் கூடாது. கவனிங்க நண்பரே, ஓய்வுக்கும் நேரம் ஒதுக்கினதே எங்க ஒழுங்குதான்! (கைதட்டல்) சாயங்காலம் பிள்ளைங்களோட உட்காரணும். மிச்ச நேரம் அவர் இஷ்டம்.

அந்தச் சாயங்காலங்கள்லதான் நான் காத்தோட பேரெல்லாம் கத்துக்கிட்டேன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம். எது எந்தத் திசையில வரும், எதுக்கு வலையைச் சுருட்டணும்னு மணல்ல கோடு போட்டுச் சொன்னாரு. வருஷம் பூரா கடல்ல இருந்த மனுஷன் அப்பதான் எனக்கு அப்பாவாக் கிடைச்சாரு.

இன்னொண்ணு. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு கடலுக்குப் போகும். அதனால அம்மாவோட மீன்கூடைக்குத் தடையே கிடையாது! அப்பாவுக்கு லீவு, அம்மாவுக்கு? வீட்டுல ஆள் சும்மா இருந்தா டீ மூணு தடவை, சோறு ரெண்டு தடவை கூடுதல். அதனால நாலாவதா ஒண்ணு வச்சாங்க: ஞாயித்துக்கிழமை அடுப்பு அப்பாவுக்கு. (பலத்த சிரிப்பு) முதல் வாரம் குழம்புல உப்பு அதிகம். கடல்காரர் இல்லையா, கை பழக்கம்! (சிரிப்பு) ஆனா அன்னிக்குத்தான் எங்கம்மா சுடச்சுட உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தேன்.

நடுவர் அவர்களே, ஒழுங்கில்லாத ஓய்வு வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் ஓய்வு. அடுத்தவருக்கு அது கூடுதல் வேலை. நேரத்தைப் பங்கு போட்டால்தான் ஓய்வும் எல்லோருக்கும் பங்காகும். மீனைப் பங்கு வைக்கிற கரையில் பிறந்த எனக்கு இது புரிகிறது. எதிரணிக்கும் புரிய வேண்டும்.

நங்கூரம் போட்டா படகு அசையாதுன்னு பயப்படாதீங்க. அது நல்லா ஆடும், அடிச்சுக்கிட்டுத்தான் போகாது. விடுப்பு நாளுக்கும் அப்படி ரெண்டு மூணு நங்கூரம் போதும். எனவே, விடுப்பு நாளுக்குப் பெரிதும் தேவை ஒழுங்கே, ஒழுங்கே எனத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.