எண்ணெய்க்கும் ஒரு மறுகால்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம ஆலங்குளத்துக் காய்கறி வண்டிகள் புளியரை ஏற்றம் ஏறித்தான் கேரளாவுக்குப் போகின்றன. அந்த ஏற்றத்தில் லாரியானாலும் டீசல் காரானாலும் இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை அழுத்திக் கொடுப்பது டர்போ. கார் டர்போவின் தண்டு நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான்.

எண்ணெய் உள்ளே போவது பம்பின் அழுத்தத்தால். திரும்பி வருவதோ தன் எடையால் மட்டுமே. அதுவும் காற்றுக் கலந்து நுரைத்து வரும். ஆகவே திரும்பும் குழாய், உள்ளே போகும் குழாயைவிட நல்ல அகலமாக இருக்கணும். வழி நெடுக இறக்கமாகவே வரணும். நடுவில் தொய்வோ மடிப்போ கூடாது. சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேரணும்.

குளம் பெருகினால் மறுகால் பாயணும். அது அடைபட்டால் கரை உடையும். இங்கே எண்ணெய் சீலைத் தாண்டிக் கசியும், சைலன்சரில் நீலப் புகை வரும். "டர்போ போச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிடுவார்கள். கடனில் வண்டி ஓட்டுகிறவர் புது டர்போவுக்குப் பணம் புரட்டுவார். குழாய் பழையபடியே இருந்தால் புது டர்போவும் புகையத்தான் செய்யும்.

ஆகவே தம்பிகளே, முதலில் அந்தக் குழாயைக் கழற்றிப் பாருங்கள்: நசுங்கல் உண்டா, கரி அடைத்திருக்கிறதா, கேஸ்கெட் பசை உள்ளே பிதுங்கியிருக்கிறதா? இன்ஜின் பிரீதர் அடைத்திருந்தாலும் இதே கோளாறு வரும். இரண்டும் சரி என்று தெரிந்த பிறகே டர்போவில் கை வையுங்கள்.