இரு வர்க்கங்களின் வித்தியாசம்



சென்ற ஆண்டு எம் சங்கத்து இளையவர் ஒருவர் அட்சரகணிதப் புத்தகத்தை நீட்டி, "அண்ணா, இரு வர்க்கங்களின் வித்தியாசத்தால் யாருக்கு என்ன பயன்?" என்று வினவினார். மிஷன் பாடசாலையில் அவ்விதியை மனனஞ் செய்து புள்ளி பெற்றவர்களே நாம். ஆயினும் விடை கூற நா எழவில்லை. அக்கடனை இன்று தீர்க்க முனைகின்றோம்.

பக்கம் 10 அங்குலமான சதுரத் தாளொன்றின் மூலையிலே 3 அங்குலச் சதுரத்தை வெட்டி நீக்குங்கள். எஞ்சுவது 100 சய 9, அதாவது 91 சதுர அங்குலம். எஞ்சிய தாளை இரு துண்டாக வெட்டிப் பொருத்தினால், நீளம் 13, அகலம் 7 கொண்ட செவ்வகமாகும். 13 என்பது 10 சக 3. 7 என்பது 10 சய 3. விதி இவ்வளவே: கூட்டுத்தொகையை வித்தியாசத்தாற் பெருக்குக.

இதனை இனங்காண அடையாளம் மூன்று. உறுப்புக்கள் இரண்டு, இரண்டும் வர்க்கங்கள், நடுவே கழித்தற் குறி. கூட்டற் குறியாயின் இவ்விதி செல்லாது. அங்கேதான் நம்மிற் பலர் புள்ளியிழக்கின்றனர்.

இனிப் பயனுக்கு வருவோம். 1643 இல், பிரான்சு தேசத்துத் துலூஸ் நகர நீதிமன்றில் பதவி வகித்த பெர்மா என்பவர், 2027651281 என்ற எண்ணின் காரணிகளைக் கண்டார். சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதாயின் முயற்சிகள் ஆயிரக்கணக்காகும். அவரது வழியோ அவ்வெண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாகக் காண்பது. அதன் வர்க்கமூலத்தை அடுத்த 45030 முதலாக ஒவ்வோரெண்ணையும் வர்க்கித்து, அவ்வெண்ணைக் கழித்துப் பார்க்கவேண்டும். 12 ஆம் முறை, 45041 இன் வர்க்கத்திற் கழிக்க எஞ்சுவது 1040400. அது 1020 இன் வர்க்கம்! ஆகவே காரணிகள் 46061, 44021.

1977 இல் ரிவெஸ்ற், சமீர், ஏடில்மன் என்னும் மூவர் வகுத்த இரகசியக் குறிமுறைக்குக் காவல், பேரெண்களைக் காரணிப்படுத்தும் கடினமே. ஆனால் அதற்கெடுத்த இரு முதன்மை எண்களும் மிக நெருங்கியிருந்தால், பெர்மாவின் பழைய வழியே பூட்டைத் திறந்துவிடும். சில அச்சு இயந்திரங்களின் சாவிகளில் இக்குறை இருந்தமை 2022 இல் வெளியாயிற்று.

தம்பி தங்கையரே! விதியை மனனஞ் செய்யுங்கள். ஆனால் ஒரு முறையேனும் தாளை வெட்டிப் பாருங்கள். பெரியோர்களே! பிள்ளை வீடு திரும்பியதும் எத்தனை புள்ளி என்று கேட்கின்றீர்கள். ஏன் அப்படி வருகின்றது என்றுங் கேளுங்கள். அக்கேள்வியை எம்மிடம் முதலிற் கேட்டவர் எம்மினும் இளையவர். அவருக்கு எம் நன்றி.