நம் அகத்து ஜன்னலே ஸ்டூடியோ

(புனே உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சோதனைகள் செய்து புகைப்படத் திறமையை வளர்த்துக் கொள்வது எப்படி?" என்று நம் காரியதரிசி எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார். எந்தக் கேமரா வாங்கலாம் என்பதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. உங்கள் கையில் இருக்கும் செல்போனே தாராளமாகப் போதும். சோதனை என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக் கொள்கிறேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவனுக்கு அது பழகின வார்த்தை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், என்ன ஆகிறது என்று எழுதி வை. ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இதுதான். போட்டோவுக்கும் இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

ஆரம்பத்திலேயே ஒரு கேள்வி. உங்கள் போனில் எத்தனை படங்கள் இருக்கின்றன? ஆயிரக்கணக்கில் இருக்கும். அவற்றில் அகத்துப் பெரியவர் ஒருவர் முகம் மட்டும், நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் எத்தனை? சுபஸ்வீகாரத்துக்குப் போகும்போது ஹாலில் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பல அகங்களில் அது ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து அவசரமாக வெட்டிப் பெரிது பண்ணியதாக இருக்கும். ஓரத்தில் யாருடைய தோளோ தெரியும். ப்ளாஷ் பட்டு நெற்றி வெளுத்திருக்கும். மூக்குக் கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பொட்டு விழுந்து கண்ணே தெரியாது. எண்பது வருஷம் வாழ்ந்த மனுஷருக்கு மிஞ்சியது அந்த ஒரு படம். இது எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம். அதனால் நான் சொல்லப் போகும் சோதனைகள் எல்லாம் அகத்துக்குள்ளேயே, அகத்து மனுஷாளை வைத்துச் செய்யக் கூடியவை.

வெளிச்சத்திலிருந்து ஆரம்பிப்போம். 1956ல் சத்யஜித் ரே 'அபராஜிதோ' எடுத்தபோது, காசியில் உள்ள ஒரு பழைய வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட வேண்டி வந்தது. மழைக் காலம் குறுக்கிடுமோ என்ற பயம். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா ஆட்சேபித்தார். முற்றத்துக்குள் மேலேயிருந்து இறங்கும் வெளிச்சத்தில் அழுத்தமான நிழலே கிடையாது, ஸ்டூடியோ விளக்கை வைத்து அதைக் கொண்டு வர முடியாது என்பது அவர் வாதம். செட் போடுவது என்று முடிவாகிவிட்டது. மித்ரா என்ன செய்தார் தெரியுமா? முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்கள் மேல் அடிக்காமல், கீழேயிருந்து அந்தத் துணியின் மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பி வந்த வெளிச்சம் அசல் முற்றத்து வெளிச்சம் போலவே இருந்தது. இத்தனைக்கும், நாலு வருஷம் முன்பு 'பதேர் பாஞ்சாலி' ஆரம்பித்தபோது அவர் சினிமாக் கேமராவைக் கையாண்டதே இல்லாத இளைஞர்!

இதைப் படித்தபோது எனக்கு அக்ரஹாரத்து வீடுதான் ஞாபகம் வந்தது. நம் பாட்டிமார்கள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது அதே முற்றத்து வெளிச்சத்தில்தானே? இங்கே ஸதாசிவ பேட்டையின் பழைய வாடா வீடுகளிலும் நடுவில் அந்தச் சௌக் உண்டு. நாமெல்லாம் இப்போது அடுக்கு மாடிக்கு வந்துவிட்டோம். மிச்சம் இருப்பது ஜன்னல்.

அந்த ஜன்னலை நம்பிப் பெயர் வாங்கிய ஒருவர் இந்த ஊரில் படித்தவர். பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில் 1960ல் ஆரம்பித்த ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டைச் சொல்கிறேன். லா காலேஜ் ரோட்டில் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறோம். மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த பாலு மகேந்திரா 1969ல் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்தோடு அங்கேதான் தேறினார். 'கோகிலா', 'மூன்றாம் பிறை' இரண்டுக்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கினார். ஆனால் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது 1988ல் வந்த 'வீடு' படத்தை. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரின் முகத்தைக் கவனியுங்கள். சுருக்கம் ஒவ்வொன்றும் தெரியும்; ஆனால் எதுவும் அவலட்சணமாகத் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து மெதுவாக வருவதுதான் காரணம். கதைக்காகப் பார்த்தவர்கள் இன்னொரு முறை வெளிச்சத்துக்காகப் பாருங்கள்.

இனி நம் சோதனைக்கு வருவோம். நேர் வெயில் விழாத ஜன்னலாகப் பார்த்து, மூன்றடி தள்ளி ஒரு நாற்காலி போடுங்கள். டியூப் லைட்டை அணையுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் முகம் பாதி நீலம், பாதி மஞ்சளாகிவிடும். முதலில் ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து ஒரு படம். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வரும்வரை நாலு படம். நீங்கள் நிற்கும் தூரம், போன், நேரம் எதுவும் மாறக் கூடாது. பார்த்தால் ஐந்து படமும் ஐந்து மனுஷர் மாதிரி இருக்கும்!

எண்பத்தாறு வயதான என் அக்காவை வைத்து நான் இதைச் செய்தேன். போனை எடுத்ததுமே, "என்னடா, சுவத்துல மாட்டறதுக்கா?" என்று கேட்டுவிட்டாள். இந்தக் கேள்விக்குப் பயந்துதான் பாதிப் பேர் பெரியவர்களைப் படம் எடுப்பதில்லை. "இல்லைக்கா, வெளிச்சம் எப்படி விழறதுன்னு பாக்கறேன். நீ பாட்டுக்குக் கீரையை ஆஞ்சிண்டிரு" என்றேன். நான் சொன்னது முழு உண்மை. பத்து நிமிஷத்தில் அவளுக்கே ஸ்வாரஸ்யம் வந்துவிட்டது. "இந்தப் பக்கம் திரும்பினா என்ன ஆறது?" என்று கேட்டுத் தானே நாற்காலியைத் திருப்பிக் கொண்டாள். போட்டோவுக்காகச் சிரிக்கும் சிரிப்பு அந்தப் படங்கள் எதிலும் கிடையாது. கையில் கீரைக் கட்டு இருக்கிறது.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னம் ரொம்ப இருட்டாக இருந்தால்? அங்கேதான் மித்ராவின் துணி. ஒரு வெள்ளை வேஷ்டியை நாலாக மடித்து, அந்தப் பக்கம் யாரையாவது பிடித்துக் கொள்ளச் சொல்லுங்கள். நாலடியில் ஒன்று, இரண்டடியில் ஒன்று, ஒரு அடியில் ஒன்று. நிழல் படிப்படியாகக் கரைவது தெரியும். மஞ்சள் புடவையைப் பிடித்தால் கன்னமும் மஞ்சளாகும். பச்சைச் சுவர் பக்கத்தில் இருந்தால் முகம் காமாலை கண்ட மாதிரி ஆகும். படம் சரியாக வராததற்கு நாம் போனைத் திட்டுகிறோம், குற்றவாளி சுவர்!

வெயில் படாத ஜன்னல் என்றால் வடக்கு ஜன்னல் என்று புத்தகங்களில் எழுதுவார்கள். அது சீமைக்குச் சரி. புனே 18½ டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. மே மாத நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்தக் காலத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு நாள் உச்சி வேளையில் நட்ட கம்புக்கு நிழலே விழாது. சென்னை அன்பர்களுக்கு இந்த நாட்கள் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் வரும். கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் டில்லிக்காரர்களுக்குக் கிடையவே கிடையாது. அந்த நாளில் மொட்டை மாடியில் ஒரு முகத்தைப் படம் எடுத்துப் பாருங்கள். கண் இரண்டும் குழியாகத் தெரியும். நடுப்பகலில் ஏன் படம் எடுக்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

அடுத்து தூரம். செல்பியில் மூக்கு ஏன் பெரிதாகத் தெரிகிறது? மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 5 அங்குலம். போன் 12 அங்குலத்தில் இருந்தால் காது 17 அங்குலத்தில் இருக்கிறது. மூக்கு நாற்பது சதவீதம் கூடுதலாகத் தெரியும். ஆறடி தள்ளிப் போனால் இந்த வித்தியாசம் ஏழு சதவீதம்தான். லென்ஸ் மேல் பழி சொல்ல வேண்டாம், எல்லாம் தூரத்தின் வேலை. ஆகவே பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். முகத்தின் மேல் விரலை அழுத்தி வைத்தால் பல போன்களில் ஒரு சூரியன் அடையாளம் வரும். அதைச் சற்றுக் கீழே இழுங்கள். எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டு வருவது போனின் சுபாவம். பின்னால் இருட்டாக இருந்தால் முகத்தை வெளுக்கடித்துவிடும்.

மாமிகளுக்காக ஒன்று. வைர மூக்குத்தி ஜன்னல் வெளிச்சத்தில் டால் அடிக்காது. பரந்த வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால், பிரிந்த நிறங்கள் மறுபடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சின்னச் சுடராக இருந்தால்தான் நிறம் தனித்தனியாகத் தெறிக்கும். அதே ஜன்னல், அதே நாற்காலி. பக்கத்தில் ஒரு குத்துவிளக்கை மட்டும் ஏற்றி வைத்து இன்னொரு படம் எடுங்கள். நகைக் கடைக்காரர் கடை முழுக்கச் சின்னச் சின்ன விளக்காகப் போட்டிருப்பது சும்மாவா!

அசைவையும் சோதிக்கலாம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் மின் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹெரால்ட் எட்ஜர்டன், ஒரு சொட்டுப் பால் விழுந்து கிரீடம் போலத் தெறிப்பதை மின்னல் வேக ப்ளாஷ் வைத்து எடுத்தார். 1957ல் எடுத்த அந்த வண்ணப் படம் உலகப் பிரசித்தம். நமக்குக் காபி போதும். போனில் 'ப்ரோ' முறையைப் போட்டு, டபராவிலிருந்து டம்ளருக்கு ஆற்றும்போது 1/1000 வினாடியில் ஒன்று, 1/15ல் ஒன்று எடுங்கள். முதலாவதில் சொட்டுச் சொட்டாக நிற்கும், இரண்டாவதில் பட்டு நூல் மாதிரி ஓடும். 1/15க்கு போன் ஆடக் கூடாது. அரிசிச் சம்படத்தில் சாய்த்து வையுங்கள். எந்தப் படம் எந்த வேகம் என்று அந்தக் காலத்தில் நோட்டில் எழுதிக் கொள்வோம். இப்போது படத்தின் விவரங்களில் போனே குறித்து வைத்து விடுகிறது. அதைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

எல்லாவற்றையும் தானே செய்து பார்த்தவர் என்றால் எனக்கு மா. கிருஷ்ணன்தான். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர், தாவரவியல் படித்தவர். 1950லிருந்து 1996ல் காலமாகும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார், தியடோர் பாஸ்கரன் அவற்றைத் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக வந்திருக்கிறது. யானைகளை அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் தோலின் சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படும். அவருடைய கேமரா எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒன்றின் உடம்பு, இன்னொன்றின் லென்ஸ் என்று தாமே பூட்டிச் சேர்த்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்திருந்தார். அதைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறாரோ என்ற பாணியில் ஈ. பி. ஜீ என்ற இயற்கை ஆர்வலர் கேலியாக எழுதியதுண்டு. கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடவே இல்லை. ஒரு மாதம் நீங்களும் போனைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். காஞ்சிபுரம் பட்டின் அரக்குச் சிவப்பு கண்ணைப் பிடுங்காது; முகம் தெரியும்.

'ப்யூட்டி மோடு' பற்றிக் கேட்பீர்கள். அதை அணைத்து விடுங்கள். சுருக்கத்தையெல்லாம் தேய்த்து, எழுபது வயது மாமியை மெழுகுப் பொம்மை ஆக்குகிறது. எங்கோ யாரோ எடுத்த தீர்மானம் அது. அதில் நமக்குச் சோதிக்க ஒன்றும் இல்லை.

வெளியே போக முடிந்தவர்கள் ஜங்க்லி மஹராஜ் ரோட்டில் இருக்கும் பாதாளேச்வர் குகைக் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். 8ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்தது. ஒரு பக்கம் மட்டும் திறந்திருப்பதால் உள்ளே நடக்க நடக்க, தூண்களில் வெளிச்சம் அடிக்கு அடி மாறுவதைக் காணலாம். ஆஷாட மாதப் பால்கியில் தாளம் தட்டிக்கொண்டு போகும் வார்கரிகளைக் குறைந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தால் அது இன்னொரு ஆனந்தம். நேரமாகிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, பிரிண்ட் போடுங்கள். போன் தொலைந்தால் எல்லாம் போச்சு. எடுத்த இருபதில் எது நன்றாக இருக்கிறது என்று படத்தில் இருப்பவரையே கேளுங்கள். என் அக்கா தேர்ந்தெடுத்தது நான் ஒதுக்கி வைத்த படம். கீரையைப் பார்த்துக் குனிந்திருப்பது. "இதுல அம்மா மாதிரி இருக்கேன்" என்றாள். எங்கள் அம்மாவுக்குத் தனியாக ஒரு படம் கிடையாது. போஸ்ட்கார்டு அளவில் இரண்டு பிரதி போட்டு, காகித உறையின் மேல் முதலில் பெயர், தேதி, ஊர் எழுதிவிட்டு, அப்புறம் படத்தை உள்ளே வையுங்கள். படத்தின் பின்னால் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும்.