பிளவு வருமுன் நடுவர் செல்லட்டும்!

(நெல்லிக்குப்பத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் குடும்பத் தகராறுகள் கடலூர் நீதிமன்றப் படியேறாமல் தடுப்பது எப்படி? இதுவே இன்றைய பேச்சு.

நீதிமன்றம் நமக்குப் பகையல்ல. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டமே முதலில் சமரசத்திற்கு முயலச் சொல்கிறது. ஆனால் வழக்கு அங்கே போய்ச் சேரும் முன்பே இரு வீட்டாரும் வாய்க்கு வந்ததையெல்லாம் மனுவில் எழுதி முடித்திருப்பார்கள்!

ஜமாஅத்தே தீர்ப்பளித்துவிடலாமே என்பீர்கள். அந்தக் கதவு மூடப்பட்டுவிட்டது. பள்ளிவாசல் வளாகத்தில் ஷரீஅத் கவுன்சில் நீதிமன்றம்போல் இயங்கக் கூடாதென 2016 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. தனியார் அமைப்பு தரும் குலா சான்று செல்லாதென 2023 ஜனவரியில் கூறியது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி முத்தலாக் சொல்பவனுக்கு மூன்றாண்டு வரை சிறை. இவற்றில் நமக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் சமரசம் செய்யாதே என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. 2002இல் ஷமீம் ஆரா வழக்கில், தலாக்கிற்கு முன் இரு தரப்பு நடுவர்களின் சமரச முயற்சி நடந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே வலியுறுத்தியது.

சூரத்துந் நிஸாவின் 35ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். கணவன் தரப்பில் ஒருவர், மனைவி தரப்பில் ஒருவர் என நடுவர்களை அனுப்பச் சொல்கிறான் இறைவன். எப்போது? பிளவு உண்டான பிறகா? இல்லை. பிளவு வந்துவிடுமோ என்று அஞ்சும்போதே! நாமோ தலாக் கடிதம் வந்த பிறகு கூடுகிறோம். வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகத் தாமதித்தால் சர்க்கரை குறையும் என்பதை நெல்லிக்குப்பத்தாருக்கு நான் சொல்ல வேண்டுமா?

அஞ்ச வேண்டிய அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிபவைதாம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளை, நாற்பது கழிந்து மாதங்களாகியும் அழைத்துப்போக ஆள் வரவில்லை. வளைகுடாப் பணம் தாய் கைக்கா, மனைவி கைக்கா என்று சண்டை. மனைவிக்குத் தெரியாமல் அவள் நகை அடகுக்குப் போகிறது. கைக்கூலி பாக்கியைச் சொல்லிக் குத்திக்காட்டுகிறார்கள்.

வணிகர்களே! ரொக்கம் கொடுத்தவர் கடன் சொல்லத் தொடங்குவது உங்கள் கல்லாவுக்குத்தான் முதலில் தெரியும். இளைஞர்களே! வெளிநாட்டிலிருக்கும் நண்பன் மனம் கசந்து பேசுவது உங்களிடம்தான். அதைக் கடைத்தெருவில் பேசினால் புறம். பொறுப்பானவரிடம் மட்டும் சொன்னால் உதவி.

மஹல்லாதோறும் இரு தரப்பும் மதிக்கும் பெரியவர்கள் சிலரை நியமியுங்கள். பெண்களின் மனக்குறையைக் கேட்கப் பெண்களே செல்லட்டும். கடனே சண்டைக்குக் காரணமென்றால், அறிவுரையோடு நிற்காமல் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுங்கள். நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்திடும் முன்பே மாப்பிள்ளையின் வேலையும் கடனும் பெண் வீட்டாருக்கு வெளிப்படையாகத் தெரியட்டும். கைக்கூலி வாங்கும் திருமண விருந்தில் கை நனைக்காதீர்கள்.

ஒன்றை மறவாதீர்கள். அடி வாங்கி வந்த பெண்ணைப் பொறுத்துப் போ என்று திருப்பி அனுப்புவது சமரசமல்ல, அநியாயம்! அவளுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வருமானம் எதுவாயினும் பெண்ணுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. 181 என்ற எண்ணில் அழைக்கலாம். அங்கே நீதிமன்றம் வரை அவளுக்குத் துணை நிற்பதே ஜமாஅத்தின் கடமை.

தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். தீர்ப்பே தேவைப்படாமல் செய்யும் பொறுப்பு நம்மிடம்தான் இருக்கிறது. அல்லாஹ் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.